கல்லும் வேண்டாம், கண்ணீரும் போதாது!

“நாய்க்காக ஒரு கட்டுரையா? நாட்டில் வேறு சிக்கலே இல்லையா? விலைவாசி ஏறுகிறது, வேலையின்றி இளைஞர் வாடுகின்றனர், இவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தெருநாயைப் பற்றியா எழுதுவது?” என்று ஏளனம் பேசுவோர் இருப்பர். பேசட்டும். அவர்களை நாம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: விடியுமுன் நான்கு மணிக்கு நம் ஊர்த் தெருக்களில் நடப்பவர் யார்?

குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர் நடக்கிறார். கூடையைத் தலையில் ஏற்றிச் சந்தைக்குப் போகும் பூக்காரம்மா நடக்கிறார். இரவு வேலை முடித்து ஆலையிலிருந்து திரும்பும் தொழிலாளி நடக்கிறார். நாளிதழ் போடும் பையன் – ஆம், இந்த ஏட்டையும் உங்கள் வாயிற்படியில் போட்டுவிட்டுப் போகிறானே, அந்தப் பையன் – மிதிவண்டியில் செல்கிறான். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்லும் சீமானை நாய் துரத்துவதில்லை. மதிலும் காவலாளியும் கொண்ட மாளிகைக்குள் அது நுழைவதில்லை. நாய்க்கடி என்பது காலால் நடப்போரின் துன்பம். காலால் நடப்போரின் துன்பம் எதுவோ அது அரசியல், நம் அரசியல்!

2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானோர் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் பேர். வெறிநாய்க்கடி நோயால் மாண்டவர் 43 பேர் என்று பொதுச் சுகாதாரத் துறையின் கணக்கு கூறிற்று. உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோய்க்குப் பலியாகின்றனர் என்றும், அவர்களுள் 36 சதவீதத்தினர் இந்திய மண்ணில் மடிகின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பாதிக்கப்படுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறார்!

எண்ணிப் பாருங்கள். இது மருந்தில்லாத நோயா? இல்லை. 1885-லேயே பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் தடுப்பூசி கண்டு, வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனைக் காத்தார். 1907-லேயே நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெற்றோர் அஞ்சி நடுங்கிய காலம் போய்விட்டது. இன்று கையில் போடும் சில ஊசிகளே போதும். நோய் முற்றி, தண்ணீரைக் கண்டு உடல் நடுங்கத் தொடங்கிய பிறகு, அந்த உயிரை மீட்பது ஏறத்தாழ இயலாது. அதற்கு முன்போ, சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, காலந்தாழ்த்தாமல் ஊசி போட்டுக்கொண்டால் மரணத்தைத் தடுத்துவிடலாம். ஆகவே மிளகாய்த்தூளையும் சுண்ணாம்பையும் காயத்தில் அப்பிவிட்டு ஒருவன் சாகிறான் என்றால், அவனைக் கொன்றது நாய் மட்டுமா? அறியாமை கொன்றது, அந்த அறியாமையைப் போக்காத நாமும் அதற்குப் பொறுப்பாளிகள்.

இனி, நாய்களை என்ன செய்வது? இரண்டு குரல்கள் கேட்கின்றன.

“அடித்துக் கொல்லுங்கள்!” என்பது முதற் குரல். பிள்ளையின் முகத்தைக் கடித்துக் குதறியதைக் கண்ட தாய் அப்படிக் கதறுவாளானால், அவளைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை. அவள் கண்ணீர் நியாயமானது. ஆனால் அவள் கேட்கும் மருந்து பலிக்குமா என்று பார்ப்பது நம் கடமை.

பலிக்கவில்லை, தோழர்களே! சென்னை மாநகரமே சான்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே நாய் வண்டி ஓடிற்று. கண்ணியிட்டுப் பிடித்தனர், கூண்டில் அடைத்தனர், மின்சாரம் பாய்ச்சிக் கொன்றனர். நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாய்களைக் கொன்ற காலமும் உண்டு. நாய்கள் ஒழிந்தனவா? இல்லை. நோய் ஒழிந்ததா? அதுவும் இல்லை. நாய்களை அப்புறப்படுத்துவதால் மட்டும் அவற்றின் பெருக்கமோ நோய்ப் பரவலோ குறைந்ததற்குச் சான்று எங்கும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1992-ல் எழுதியது.

ஏன் குறையவில்லை? தெருமுனையில் குப்பைமேடு இருக்கிறது. அதில் பத்து நாய்க்கு உணவு இருக்கிறது. அங்கிருந்த பத்தையும் கொன்றால், அடுத்த தெருவிலிருந்து புதிய நாய்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. அவை ஊசி போடாதவை, கருத்தடை செய்யாதவை, அத்தெரு மக்களைப் பழகி அறியாதவை. எஞ்சியிருப்பவை போட்டியின்றித் தின்று, குட்டிகளைக் காப்பாற்றி வளர்க்கின்றன. நாயைக் கொன்றவர்கள் குப்பையைக் கொல்லவில்லை. அதனால் நாய் திரும்ப வந்தது!

“வாயில்லாப் பிராணிகளை ஒன்றும் செய்யாதீர், அவை பாட்டுக்கு இருக்கட்டும்” என்பது இரண்டாவது குரல். கருணையில் பிறந்த குரல்தான். ஆனால் மாலைதோறும் சோறும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, “என் கடன் முடிந்தது” என்று வீடு திரும்பும் கருணை பாதிக் கருணை. உணவு மட்டும் தந்து கருத்தடைக்கு வழி செய்யாவிட்டால், பிறப்பது மேலும் மேலும் குட்டிகள். அவற்றிற் பெரும்பகுதி வண்டிச் சக்கரத்திலும் நோயிலும் பசியிலும் மாள்கின்றன. சாவதற்கென்றே பிறக்க வைப்பதற்குப் பெயர் அன்பா?

கல் எறிவதால் தீராது. கண்ணீர் விடுவதாலும் தீராது. தீர்க்கும் வழி மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது பிறந்ததும் நம் சென்னையில்தான் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964-லேயே இவ்வழியைக் கையில் எடுத்தது. “கொல்லாதீர், பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்” என்பதே அது. எளிய வழி, ஆனால் மாநகராட்சி அதை ஏற்றுத் தொண்டர்களுடன் கைகோத்தது 1996-ல்! முப்பதாண்டுக் காலம் கொலைக் கூடத்திற்குப் பொதுப் பணம் செலவாயிற்று. பின்னர் 2001-ல் மத்திய அரசு இதையே நாடு முழுமைக்கும் விதியாக்கிற்று. 2023-ல் புது விதிகள் வந்து, பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களுடையது என்பதை உறுதி செய்தன.

பலன் உண்டா? ஜெய்ப்பூர் நகரில் 1994 முதல் 2002 வரை தொண்டு அமைப்பு ஒன்று தொடர்ந்து இப்பணியைச் செய்தது. பெண் நாய்களில் நூற்றுக்கு 65 அளவுக்குக் கருத்தடை நடந்தது. நாய்த்தொகை 28 சதவீதம் குறைந்தது. பணி நடந்த பகுதியில் மனிதருக்கு வெறிநோய் வருவது நின்றது. கோவாவில் 2014 முதல் அரசும் தொண்டர்களும் சேர்ந்து, பெருமளவில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டனர். 2018 முதல் மூன்றாண்டுகள் அங்கே ஒரு மனித உயிரும் இந்நோய்க்குப் பலியாகவில்லை. ஊசி நோயை விரைவில் தடுக்கும். கருத்தடை தொகையை மெல்ல மெல்லக் குறைக்கும். ஒன்று இன்றைய காவல். மற்றது நாளைய தீர்வு. இரண்டும் வேண்டும்.

நீதிமன்றமும் இவ்வழிக்கே வந்தது. தலைநகர் தில்லியின் நாய்கள் அனைத்தையும் பிடித்து அடையுங்கள் என்று உச்சநீதிமன்ற அமர்வு ஒன்று 2025 ஆகஸ்ட் 11-ல் ஆணையிட்டது. பதினொரு நாளில், ஆகஸ்ட் 22-ல், மூவர் அமர்வு அதைத் திருத்தியது: வெறிபிடித்தவை, மூர்க்கமானவை நீங்கலாக, மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடுக, உணவிடுவதற்குத் தனி இடம் குறித்திடுக என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகம் சேர்க்க வேண்டும் என நவம்பர் 7-ல் மேலும் ஓர் ஆணை பிறந்தது. ஆணைகள் பிறக்கின்றன, காப்பகம் எங்கே? மருத்துவர் எங்கே? பணம் எங்கே? இக்கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

இங்கேதான் தொண்டர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஊர்தோறும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது – ஓய்வு பெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவி, தையற்கடை வைத்திருக்கும் அம்மா, நாயை ஏற்ற மறுக்காத ஆட்டோக்காரர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செலவு செய்கிறார்கள். அண்டை வீட்டாரின் ஏச்சையும் பேச்சையும் தாங்குகிறார்கள். அவர்களை நாம் வணங்குகிறோம். வணங்கிவிட்டு, ஒரு கசப்பான உண்மையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்: சிதறிச் செய்யும் சேவை கடலில் கரைத்த பெருங்காயம்!

கணக்குப் போடுங்கள். ஒரு பகுதியில் நூறு நாய்கள். அவற்றுள் பெண் ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். அரும்பாடுபட்டு இருபது பெண் நாய்க்குக் கருத்தடை செய்கிறீர்கள். எஞ்சிய முப்பதும் ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று ஈன்றால் 240 குட்டிகள். ஆறில் ஐந்து பங்கு செத்து ஒழிந்தாலும் நாற்பது புதிய நாய்கள்! ஊருக்கு ஒன்றாக, தெருவுக்கு இரண்டாகச் செய்வதைவிட, ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, பத்துக்கு ஏழு நாயேனும் முடியும் வரை அதைவிட்டு நகராமல் செய்வதே பயன் தரும். 2024-ல் சென்னையில் எடுத்த கணக்கில் நாய்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம்; அவற்றுள் கருத்தடை ஆனவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தனி மனிதர் சிலரின் ஈகை இந்த மலையைப் பெயர்க்குமா?

பெயர்க்காது. ஏனெனில் இப்பணி அறுவையோடு முடிவதில்லை. வலை வீசி நோகாமல் பிடிக்க வேண்டும். இடுக்கியும் கம்பிக் கண்ணியும் கூடாதென விதி இருக்கிறது. பால் கொடுக்கும் தாயைப் பிடித்தால் குட்டிகள் பட்டினியால் சாகும்; அதைப் பார்த்தறிய வேண்டும். அறுவைக்குப் பின் நான்கைந்து நாள் காயம் ஆறும் வரை காக்க வேண்டும். காதில் சிறு வெட்டு அடையாளம் இட்டு, பிடித்த தெருவிலேயே விட வேண்டும். நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் திரும்பப் போட வேண்டும். இதற்கு மருத்துவர் வேண்டும், கூடம் வேண்டும், வண்டி வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். நாய் பிடிக்கும் தொழிலாளிக்கு முன்கூட்டியே தடுப்பூசியும் நிலையான ஊதியமும் வேண்டும். இவையனைத்தும் அரசின் கடமை, உள்ளாட்சியின் கடமை. தொண்டர் வழிகாட்டலாம், துணை நிற்கலாம். தொண்டர் இருக்கிறாரே என்று ஆட்சி தூங்கலாகாது. ஆட்சியில் இருப்பவர் எவராயினும் – நம்மவரே மன்றத்தில் அமர்ந்திருந்தாலும் – இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

எனவே தோழர்களே, உங்கள் வட்டத்தில் நாளையே தொடங்குங்கள். படிப்பகத்தில் அமர்ந்து பேசுவதோடு நில்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்துடன் தெருவில் இறங்குங்கள். எந்தத் தெருவில் எத்தனை நாய், எத்தனை பெண், காதில் அடையாளம் உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கோடு மன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள், “இந்த வட்டத்துக்கு எப்போது வண்டி வரும்? நாள் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். வண்டி வரும் நாளில் நாயை அடையாளம் காட்ட, பழகியவரை அழைத்துவந்து நிறுத்துங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இருப்பு உண்டா, ஆழ்ந்த கடிக்குப் போடும் சீரம் அருகில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துப் பலகையில் எழுதி வையுங்கள். பள்ளிகளுக்குச் சென்று, கடித்ததை மறைக்காதே, கழுவு, ஓடிவந்து ஊசி போட்டுக்கொள் என்று பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். குப்பைமேடு அகலும் வரை ஓயாதீர்கள். உணவிடும் அம்மையாரையும் கடிபட்ட பிள்ளையின் தாயையும் ஒரே கூட்டத்தில் அமர வையுங்கள். இருவருக்கும் பகை இல்லை. இருவருக்கும் வேண்டியது ஒன்றே என்பதை அவர்களே உணர்வார்கள்.

இந்தப் பணிக்கு மாலை விழாது, மேடை கிடைக்காது, வாக்கும் உடனே வந்து குவியாது. ஆனால் ஒருநாள், விடியற்காலை இருளில் அந்தத் தெரு வழியே நாளிதழ் போடும் பையன் அச்சமின்றிப் போவான். தெருவோரத்தில், காதில் வெட்டுள்ள கிழ நாயொன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உறங்கும். அவன் பெயர் நமக்குத் தெரியாது. நம் பெயர் அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவன் கால் அச்சமின்றி நடக்கிறதே, அதுவே நாம் வேண்டும் வெற்றி!