'ட்ரூப்' என்னும் வினைச்சொல்

ஆங்கில நூல்களை வாசிக்குங்கால் 'ட்ரூப்' என்னும் வினைச்சொல் எதிர்ப்பட்டவுடன், நம் மாணவரிற் பெரும்பாலார் ஓரத்தில் 'வாடுதல்' என்றெழுதிக்கொண்டு மேற்செல்கின்றனர். இவ்வழக்கம் அச்சொல்லுக்கும் அநீதி, தமிழுக்கும் அநீதி என்பது எமது துணிபு.

இச்சொல் ஆங்கிலேயரது பூர்விக பாஷைக்கு உரியதன்று. 793-ம் ஆண்டில் லிண்டிஸ்பார்ன் தீவிலிருந்த கிறிஸ்தவ மடத்தைக் கொள்ளையிட்ட ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் இனத்தார், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலுங் கிழக்கிலுங் குடியேறினர். வாளோடு வந்தவர் உழவராய்த் தங்கிவிட, அவர்தஞ் சொற்களுந் தங்கின. ஆகாயத்தைக் குறிக்கும் 'ஸ்கை', முட்டையைக் குறிக்கும் 'எக்', சாளரத்தைக் குறிக்கும் 'விண்டோ' என்பன அவர்கள் தந்தவை. 'அவர்கள்' எனப் பொருள்படும் 'தே' என்பதும் அவர்களுடையதே. பகைவரைச் சுட்டும் பதத்தையே பகைவரிடங் கடன்பெற்றது வியப்பன்றோ!

அன்னாரது 'ட்ரூபா' என்னுஞ் சொல்லே 'ட்ரூப்' ஆயிற்று. தலைகவிழ்ந்து தொங்குதல் என்பது அதன் பொருள். நீர்த்துளியைக் குறிக்கும் 'ட்ராப்' இதற்கு உறவு. ஆகவே இதன் உட்கருத்துக் கீழ்நோக்கிச் சாய்தலேயன்றி ஈரமின்மையன்று. வாடித் தலைசாய்ந்த பூவுக்கும் இச்சொல் வழங்குமென்பது மெய்யே. ஆயினும் அங்கும் அது சாய்வையே சொல்லுகின்றது.

நீரற்றுத் துவளுஞ் செடிக்கு ஆங்கிலத்தில் 'வில்ட்' என வேறு சொல் உண்டு. நாட்டுப்புறத்தில் வழங்கிவந்த அதனை, ஜான் ரே என்னுந் தாவர நூலார் 1691-ல் தாம் வெளியிட்ட வட்டாரச் சொற்றொகுதியிற் சேர்த்தார். 'விதர்' என்பதோ முற்றும் உலர்ந்துபோதல்; வெயிலையும் மழையையுங் குறிக்கும் 'வெதர்' என்பதனின்று அது பிரிந்ததாகக் கருதுவர்.

இங்கிலாந்தில் குளிர்காலக் கடைசியில் பூக்கும் 'ஸ்நோடிராப்' என்னும் வெண்மலர், மலர்ந்த நிலையிலேயே தலைகவிழ்ந்து நிற்கும். அதற்கும் 'ட்ரூப்' என்பர். அதனை வாடிய பூவென்றால் அந்நாட்டுத் தோட்டக்காரன் நகைப்பான். மலரேனும் போகட்டும், தசைத் தளர்ச்சியால் கண்ணிமை கீழிறங்கும் நோய்க்கும் இச்சொல்லையே வழங்குகின்றனர். மருத்துவத்தைத் தமிழில் எழுதப் புகுவார் 'இமை வாடுதல்' என்றெழுதின், படிப்பவர் எந்நோயென்று கொள்வர்?

மலருக்குக் கவிழ்தல், இமைக்குத் தொங்குதல், தோளுக்குத் தளர்தல், மனத்துக்குச் சோர்தல் என இடத்துக்கேற்ற சொற்கள் நம்மிடத்து நிரம்பவுள. எது சாய்ந்தது என்று கேட்டபின்னரே தமிழ்ச்சொல்லைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அங்ஙனங் கேளாது 'வாடுதல்' என்று மட்டும் எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் வழங்கும் ஆசிரியரும் இக்குறைக்குப் பொறுப்பாளரே.