பத்தாண்டு வாக்குறுதி

வவுனியாவிலிருந்து மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் நமக்குக் கிடைத்தது. கடிதம் சிறியது, அதிலுள்ள கேள்வி அத்துணைச் சிறியதன்று. அவருடைய தந்தையார் இரும்புச் சாமான் வியாபாரி. கடை ஒன்றாக இருந்தவரையில் கணக்கு முழுவதும் ஒரே கணினியில் அடங்கியிருந்தது. இன்று கடைகள் மூன்று. களஞ்சியம் வேறோர் இடத்தில். நான்கு இடங்களில் உள்ளவர்களும் ஒரே இருப்புக் கணக்கைப் பார்த்து வேலை செய்ய வேண்டுமானால் சேவையகம் ஒன்று தேவை என்று சொல்லிவிட்டார்களாம். "விண்டோஸை விலை கொடுத்து வாங்குவதா, லினக்ஸை இனாமாக எடுத்துக்கொள்வதா? இனாம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அப்பா முடிவு செய்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை" என்று எழுதுகிறார்.

அப்பாவைக் குறை சொல்வதற்கில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா கொடுத்துவந்த நாம், அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாவுக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. மென்பொருள் உரிமத்தின் விலையோ டொலரிலே குறிக்கப்படுகிறது. அந்த ஆண்டை வியாபாரத்தில் கடந்துவந்த ஒருவர் இனாம் என்ற சொல்லுக்குச் செவி சாய்ப்பது இயல்பே.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பணிசெயல் முறைமை என்பது யாது என நம் மாணவர்கள் பாடப்புத்தகத்திற் படித்திருக்கிறார்கள். பெற்றோருக்காக இரண்டு வார்த்தை. கணினி என்னும் இயந்திரத்துக்கும் அதில் நாம் செய்யும் வேலைக்கும் இடையே நின்று, யாருக்கு எப்பொழுது எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அடிப்படை மென்பொருளே அது. வேறு பல கணினிகள் கேட்கும் தகவலை எடுத்துக் கொடுப்பதற்கென்றே வைக்கப்படும் கணினி சேவையகம். வீட்டுக் கணினியை இரவிலே நிறுத்திவிட்டு உறங்கப் போகலாம். சேவையகம் இரவு பகலாகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறது. வாடிக்கையாளர் வரும் வாசலிலே கள்வரும் வரலாம். மனிதர் எழுதிய எந்த முறைமையிலும் ஓட்டைகள் உண்டு. அவை தெரியவரும்போதெல்லாம் திருத்தம் அனுப்பி அடைத்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். ஆகவே சேவையக முறைமையைத் தெரிந்தெடுக்கும் வியாபாரி ஒரு பொருளை வாங்குகிறார் என்பதைவிட, "இத்தனை ஆண்டுக்கு ஓட்டை அடைத்துத் தருவேன்" என்ற வாக்குறுதி ஒன்றைப் பெற்றுக்கொள்கிறார் என்பதே பொருந்தும்.

விண்டோஸ் சேர்வரின் வாக்குறுதி பத்தாண்டு. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்புக்கு வழமையான திருத்தங்கள் 2023 ஒக்டோபர் 10ஆந் திகதியோடு நின்றுபோயின. அந்த நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. முடிவு நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பது வியாபாரிக்குப் பெரியதோர் அநுகூலம். ஊழியருக்குப் பழகிய முகம் என்பது மற்றோர் அநுகூலம். எந்த ஊழியர் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எதைத் திறக்கலாகாது என ஓரிடத்திலிருந்தே கட்டளையிடும் வசதியும் அதிற் சிறப்பாக அமைந்துள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைகளிற் புழங்கும் கணக்கு மென்பொருள்கள் பல விண்டோஸை எண்ணியே எழுதப்பட்டவை.

விலைக் கணக்குத்தான் தலையைச் சுற்றவைக்கும். இயந்திரத்தின் செயலியில் எத்தனை கருக்கள் உள்ளனவோ அத்தனைக்கும் உரிமம் வேண்டும். எட்டுக் கருக்களே இருந்தாலும் 16க்குக் குறையாமல் வாங்க வேண்டும். அத்தோடு முடிந்ததா? சேவையகத்தை அணுகும் ஒவ்வோர் ஊழியருக்கோ ஒவ்வொரு கருவிக்கோ தனி உரிமம் வேறு. வீட்டுக்கு வாடகை கொடுத்த பின்னர், வாசலைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும் தலைவரியும் கொடுப்பது போல என்று நண்பர் ஒருவர் சொல்வார். 25 பேருக்கு மேற்படாத சிறு நிறுவனங்களுக்கென எசென்ஷியல்ஸ் என்றொரு பதிப்பு உண்டு. அதற்கு இத்தலைவரி கிடையாது. ஆனால் சேவையக இயந்திரத்தோடு சேர்த்தே அது விற்கப்படுகிறது. வவுனியா அன்பர் அதை விசாரித்துப் பார்ப்பது நன்று.

இனி லினக்ஸ். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த வேலை அது. அதை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூல நிரலையும் உடன் கொடுக்க வேண்டும் என்பதே உரிமத்தின் நிபந்தனை. அமெரிக்காவிலுள்ள ரெட் ஹட் என்னும் கொம்பனி இப்பொதுச் சொத்தை எடுத்து, சோதித்து, ஒழுங்குபடுத்தி, நிறுவனங்களுக்குத் தகுந்த முறைமையாக்கிச் சந்தாவுக்குக் கொடுத்தது. சந்தா மென்பொருளுக்கன்று, துணைக்கும் உத்தரவாதத்துக்கும்.

அக்கொம்பனி மூல நிரலை எல்லாரும் காண வெளியிட்டுவந்தது. எனவே 2004ஆம் ஆண்டில் ஆர்வலர் சிலர், அந்நிரலிலிருந்து ரெட் ஹட்டின் பெயரையும் இலச்சினையையும் நீக்கிவிட்டு, மற்றெல்லாம் அப்படியே அமைந்த முறைமை ஒன்றை ஆக்கி இனாமாக வழங்கினார்கள். அதுவே சென்ட் ஓ.எஸ். இதைக் களவு என்போரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. உரிமம் அனுமதித்ததையே அவர்கள் செய்தார்கள். ரெட் ஹட்டுக்கும் அதனால் நன்மை இருந்தது. இனாம் முறைமையிற் பழகிய இளைஞர் பின்னர் பெரிய நிறுவனங்களில் அமர்ந்து சந்தா கட்டினர். 2014இல் ரெட் ஹட் கொம்பனியே சென்ட் ஓ.எஸ். குழுவைத் தன் அரவணைப்பில் எடுத்துக்கொண்டது.

உலகெங்கும் எத்தனையோ இணையத்தளங்கள் இவ்வினாம் முறைமையின் மேல் நின்றன. அமெரிக்காவின் பேர்மி ஆய்வுகூடம் தனக்கென்று சயன்டிபிக் லினக்ஸ் என்றொரு பிரதியைப் பல ஆண்டுகளாக ஆக்கிவந்தது. 2019 ஏப்பிரலில் அது, "இனி நாமேன் தனியே பாடுபட வேண்டும்? சென்ட் ஓ.எஸ்.ஸின் எட்டாம் பதிப்பே போதும்" என்ற முடிவுக்கு வந்தது. அறிவாளிகளே அப்படி நம்பினார்கள் என்றால் சாதாரண வியாபாரி நம்பியதில் வியப்பென்ன?

2019 செப்டெம்பரில் எட்டாம் பதிப்பு வெளிவந்தது. 2029 மே மாதம் வரை திருத்தங்கள் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், அதாவது 2019 யூலையில், ஐ.பி.எம். கொம்பனி ஏறக்குறைய 3,400 கோடி டொலருக்கு ரெட் ஹட்டை வாங்கி முடித்திருந்தது. 2020 டிசெம்பர் 8ஆந் திகதி ஓர் அறிவிப்பு வந்தது: எட்டாம் பதிப்பு 2021 டிசெம்பர் 31உடன் முடிவுறும். ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் ஒரே அறிவிப்பில் மறைந்தது. இதில் வேடிக்கை யாதெனில், பழைய ஏழாம் பதிப்புக்கு 2024 யூன் முடியும்வரை ஆயுள் இருந்தது. தமையன் இருக்கத் தம்பி மாண்டான். சோம்பிப் பழைய பதிப்பிலேயே இருந்தவர் தப்பினார். பொறுப்போடு புதியதற்கு மாறியவர் அகப்பட்டுக்கொண்டார். இனிச் சென்ட் ஓ.எஸ். ஸ்ட்ரீம் என்பதைப் பயன்படுத்துக என்றார்கள். அது முடிந்த நாடகத்தின் பிரதியன்று. ரெட் ஹட்டின் அடுத்த பதிப்புக்கு முன்னோடியாக நடக்கும் ஒத்திகை. கடைக் கணக்கை ஒத்திகை மேடையில் வைக்க எவர்தாம் விரும்புவார்?

சினந்தவர் பலர். ஆயினும் எவரிடம் போய் முறையிடுவது? பணம் கொடுக்கவில்லை, எனவே ஒப்பந்தமும் இல்லை. இனாமாக வாங்கியவர் கையில் இருந்தது எதிர்பார்ப்பு மட்டுமே. மாணவரின் மனம் ஒப்பாததற்குக் காரணம் இதுவே என்றால், அது நியாயமான காரணம்.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. சென்ட் ஓ.எஸ்.ஸைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கிரெகரி கேர்ட்சர், அறிவிப்பு வெளியானவுடனேயே புதிய பிரதி ஒன்றை ஆக்கப்போவதாகச் சொன்னார். காலஞ்சென்ற தம் பழைய சகா ரொக்கி மகோவின் நினைவாக அதற்கு ரொக்கி லினக்ஸ் என்று பெயரிட்டார். கிளவுட் லினக்ஸ் என்னும் மற்றொரு கொம்பனி அல்மா லினக்ஸைத் தொடங்கி, 2021 மார்ச்சில் முதற் பதிப்பை வெளியிட்டது. சேவையகத்தை அழித்துப் புதிதாக நிறுவாமலே இருந்த இடத்தில் இருந்தபடி மாறிக்கொள்ளும் கருவிகளையும் இவ்விரு குழுவினரும் கொடுத்தார்கள். விண்டோஸ் முதலாளி ஒரு நாள் கதவைச் சாத்தினால், அதே வீட்டைப் பக்கத்து வளவில் கட்டித் தர எவராலும் இயலாது. லினக்ஸிலே இயன்றது. 2022 டிசெம்பரில் பேர்மி ஆய்வுகூடமும் ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடமும் அல்மாவைத் தம் பொது முறைமையாக ஏற்றுக்கொள்வதாக அறிவித்தன. 2023 யூனில் ரெட் ஹட் தன் வெளியீடுகளின் மூல நிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளருக்கு மட்டும் கொடுக்கத் தலைப்பட்டபோது மீண்டும் ஒரு கலக்கம் ஏற்பட்டது. அல்மா குழுவினர் எழுத்துக்கு எழுத்துப் பிரதி செய்வதை விட்டு, ரெட் ஹட்டில் ஓடும் மென்பொருள் தம்மிடமும் ஓடினாற் போதும் என்று வழியை மாற்றிக்கொண்டார்கள்.

பணம் கொடுத்துவிட்டால் கவலை இல்லை என்று எண்ணுவோருக்கு நம் நாட்டிலேயே பாடம் உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கோரும் தீம்பொருள் தாக்கியது. ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளக் கிடைக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது விலைக்கு விற்கப்படும் மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான திருத்தங்கள் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே நின்றுவிட்டன. அந்தக் காலத்துக்கு, வலையமைப்பிலிருந்து பிரித்துவைத்த பிரதியும் இல்லாமற் போயிற்று.

நாம் முன்னர் பணியாற்றிய கந்தோர் ஒன்றிலும் லினக்ஸ் சேவையகம் இருந்தது. கெட்டிக்காரத் தம்பி ஒருவர் அதை அமைத்தார். மூன்று ஆண்டுகள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேளாமல் அது வேலை செய்தது. பின்னர் அவர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார். ஒரு திங்கட்கிழமை காலை அச்சியந்திரம் எதுவும் அசையவில்லை. கடவுச்சொல் எழுதிய தாளை அலுமாரி அலுமாரியாகத் தேடினோம். அவருடைய தாயாருக்குத் தொலைபேசியில் பேசி, மகனின் புதிய இலக்கத்தை வாங்கி, கடல்கடந்து அவரைப் பிடித்தபோது பிற்பகல் மூன்று மணி. "சேர், அது சின்ன விஷயம்" என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் சரிசெய்தார். அந்த நாளின் நட்டத்தை முதலாளி எவர் கணக்கில் எழுதினாரோ, அறியோம். இனாம் முறைமைக்குச் செலவு இல்லாமலில்லை. அது உரிமப் பத்திரத்தில் இராமல் ஊழியர் சம்பளத்தில் இருக்கிறது.

"லினக்ஸை வைரஸ் அண்டாது" என்று அப்பாவுக்கு எவரேனும் சொல்லியிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். 2024 மார்ச்சில், லினக்ஸ் முறைமைகள் பலவற்றில் இடம்பெறும் எக்ஸ்.இஸட். என்னும் சிறு நிரலுக்குள் எவரோ கள்ளக் கதவு ஒன்றை ஒளித்துவைத்திருந்தது வெளியாயிற்று. சேவையகத்துள் நுழைய வழமையைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று ஐயுற்றுத் துருவியதால் அதைக் கண்டுபிடித்தவர் அந்திரெஸ் பிரொயின்ட். அவர் மைக்ரோசொப்ட் கொம்பனியின் ஊழியர்! நல்ல வேளையாக, நிறுவனங்கள் பயன்படுத்தும் நிலைபெற்ற பதிப்புகளுக்குள் அது வந்துசேரவில்லை. அவை புதியவற்றை உடனே ஏற்றுக்கொள்ளாமல் பின்தங்கி நடப்பவை. அந்த மந்தம் அன்று காப்பாற்றியது.

வவுனியா அன்பருக்கு நாம் சொல்லக்கூடியது இது. கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமாயின் வாதத்துக்கு இடமில்லை. எசென்ஷியல்ஸ் பதிப்பின் விலையைக் கேட்டு, அடுத்த பத்தாண்டுக்கும் பங்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு வரும் தொகை அப்பாவை அவ்வளவாக அச்சுறுத்தாது. லினக்ஸிலும் ஓடுமாயின் அல்மாவோ டெபியனோ எடுக்கலாம். நமது விருப்பம் டெபியன். 1993 முதல் தொண்டர்களாலே நடத்தப்படும் அதற்கு, விற்கவும் வாங்கவும் ஒரு முதலாளி இல்லை. அதன் ஆயுள் பத்தாண்டன்று, ஐந்தாண்டே என்பதையும் மறைக்கவில்லை. எதை எடுத்தாலும் அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் வவுனியாவிலேயே இருவர் இருக்க வேண்டும். ஒருவர் போதாது. முறைமையின் முடிவு நாளைக் கடை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். நாள்தோறும் கணக்கின் பிரதியொன்றை எடுத்து, சேவையகத்தோடு தொடர்பில்லாத தட்டிலே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒரு முறையாவது அப்பிரதியை வேறு கணினியில் திறந்து, அன்றைய இருப்போடு ஒத்துப் பாருங்கள்.

கடையில் இப்பொழுது பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் எது என்பதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டார். அதன் பெயரையும், ஊழியர் எத்தனை பேர் என்பதையும் எழுதி அனுப்புவாராயின் இன்னும் திட்டமாக விடை கூறலாம்.