மருந்தும் ஓர் அமானிதமே

வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை முதியோர் இல்லத்திற்குக் கொடுத்தனுப்புவதை நம்மில் பலர் ஸதகாவாகக் கருதுகிறோம். நிய்யத் நல்லதே. ஆயினும் கொடுக்கும் பொருளையும் கவனிக்க வேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பெரும்பாலும் ஓர் ஓரத்தில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கத்தரித்த பின் எஞ்சும் நான்கு மாத்திரைகள் எதுவரை செல்லும் என்பதை யார் அறிவார்? நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கக்கூடிய மட்டமான பொருளைத் தர்மம் செய்யக் கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் எச்சரிப்பதை இங்கு நினைவுகூர்வோம்.

அதே அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதி, சாட்சியும் வைக்கச் சொல்கிறது. பணத்திற்கே இத்தனை பேணுதல் என்றால், உயிரோடு தொடர்புடைய மருந்திற்கு எவ்வளவு வேண்டும்! மூட்டுவாதத்திற்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருமுறை உண்ண வேண்டியது. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில், உறைந்துவிடாமல் வைக்க வேண்டும். திறந்த நாளைக் குப்பியின்மீது எழுத வேண்டும். பெரும்பாலான வகைகள் அதன்பின் ஏறத்தாழ 28 நாள்களே பயன்படும்.

ஆகவே இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வேண்டும். அதன்மீது பெயர், மருந்து, அளவு, வேளை, காலாவதி ஆகியன தெளிவாக இருக்க வேண்டும். கொடுத்தவர் கையொப்பமிட, மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். ஒருவருடைய மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் வேறொருவருக்குக் கொடுப்பது தகாது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், இத்தனை கெடுபிடி எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. ஆள் பற்றாக்குறையும் உண்மையே. ஆனால் ஒரு பேனாவுக்கும் ஒட்டுத்தாளுக்கும் பெரிய செலவில்லை.

நமது கொடுங்கையூர் ஜமாஅத்தினர் மிஞ்சிய மாத்திரைகளுக்குப் பதிலாக, மருத்துவர் எழுதிய சீட்டின்படி புதிய மருந்து வாங்கத் தொகை கொடுக்கலாம். பூட்டுள்ள அலமாரியோ சிறிய குளிர்பெட்டியோ வாங்கித் தரலாம். நம்மிடையே உள்ள மருந்தாளுநர்கள் மாதம் ஒருமுறை சென்று பெட்டிகளைச் சரிபார்க்கலாம். காலாவதியானவற்றைக் குப்பையோடு சேர்க்காமல் அபாயக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் அவை நம் ஊர்க் குப்பைக் கிடங்கிற்கே வந்து, அங்கே குப்பை பொறுக்கும் ஏழைகளின் கைகளில் சேரும்.

மறதியில் தளர்ந்த முதியவர், தமக்குக் கொடுப்பது சரியான மாத்திரைதானா என்று கேட்கமாட்டார். அவருக்காக நாம்தான் கேட்க வேண்டும். அதற்கான பொறுப்புணர்வை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.