தலையில் மாட்டும் திரையும் வீட்டுப் பெரியவர்களும்

சபர் போய்த் திரும்புவோரின் பெட்டிகளில் காலத்துக்குக் காலம் ஒரு புதுப்பொருள் வந்து இறங்குவது நம் பகுதி வீடுகளுக்குப் பழக்கமானதே. டேப் ரிக்கார்டர் வந்தது, வி.சி.ஆர். வந்தது, வீடியோ கேம் பெட்டி வந்தது. இப்போது வந்திருப்பது தலையில் மாட்டிக்கொள்ளும் திரை. மெய்நிகர்க் கருவி என்று தமிழில் வழங்குகின்றனர். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டி, ஆழமும் தொலைவும் உள்ள ஓரிடத்தில் தான் நிற்பதாக அணிந்தவரின் மூளையை அது நம்பச் செய்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கைகளில் பற்றியிருக்கும் இரு பிடிகள் உள்ளே இரு கரங்களாகத் தோன்றும். ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் ஆகிய கருவிகள் 2016இல் கடைக்கு வந்தபோதே நொடிக்கு 90 படங்கள் காட்டும் வேகத்தைப் பெற்றிருந்தன. வேகம் குறைந்தால் தலை சுற்றும், குமட்டும்.

இக்கருவியைப் பற்றி நம் பக்கத்துத் தாயார் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டனுப்பியிருந்தார். பொறியியல் படிக்கும் 19 வயது மகன், 'வயது வந்தோர்க்கு மட்டும்' என்ற குறிப்புள்ள ஒரு விளையாட்டை வாங்கியிருக்கிறான். கேட்டால், "எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதே அம்மா, உள்ளே இருப்பது பெண்ணில்லை, வெறும் படம்தானே" என்கிறானாம். "அவன் சொல்வது சரியா, ஹஜ்ரத்?" என்பது தாயாரின் கேள்வி.

இவ்வகை விளையாட்டுகளில் பெயர் பெற்ற ஒன்றை எடுத்துப் பார்ப்போம். ஜப்பானின் யோகோஹாமா நகரில் இல்லூஷன் என்றொரு நிறுவனம் இருந்தது. 2017இல் அது வெளியிட்டது 'வி.ஆர். கனோஜோ'. கனோஜோ என்றால் ஜப்பானிய மொழியில் 'அவள்' என்றும் பொருள். 'காதலி' என்றும் பொருள். 2018இல் ஸ்டீம் என்னும் இணையக் கடையிலும் இது இடம்பெற்றது. நான் இதனை விளையாடிப் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை. விற்றவர்களின் விளம்பரமும் ஆடியவர்களின் மதிப்புரைகளுமே மதிப்பிடப் போதுமானவை.

கதை எளியது. பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தி. அவளுடைய படிப்புக்கு உதவும் பாங்கில் ஆடுபவன் அவள் அறைக்குள் நுழைகிறான். அவள் கேட்பதற்கு நாம் தலையசைத்தால் 'ஆம்' என்றும், மறுத்துத் தலையாட்டினால் 'இல்லை' என்றும் விளையாட்டு புரிந்துகொள்ளும். பின்னர் நடப்பதை ஒரு குடும்ப இதழில் எழுத வேண்டியதில்லை. தொழில்நுட்பத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது: அந்தப் பெண்ணின் பார்வை நம்மைத் தொடர்வதும், அறையின் வெளிச்சமும், அவள் பேச்சும் அன்றைய நிலையில் வியக்கத்தக்கவை என்றே மதிப்புரைகள் கூறின. திறமையாகச் செய்யப்பட்டிருப்பதால்தான் இதைப் பற்றி எழுத நேர்கிறது. எனினும், ஓதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்குத் தொண்டையில் முள்ளாய்ச் சிக்குவது ஒன்றுண்டு. ஆடுபவனுக்கு இவர்கள் தேர்ந்து கொடுத்த வேடம், கற்றுக்கொடுக்க வந்தவன் என்னும் வேடம்! பிள்ளையை நம்பி அனுப்பும் ஒவ்வொரு வீடும் எந்த அமானிதத்தை நம்புகிறதோ, அதையே இவர்கள் கதவுச் சாவியாக்கிக்கொண்டனர்.

இதே நிறுவனம் 2006இல் வெளியிட்ட வேறொரு கணினி விளையாட்டு, பெண்களைப் பலாத்காரம் செய்வதையே ஆட்டமாக வைத்திருந்தது. 2009இல் உலகெங்கும் கண்டனம் எழுந்து, அமேசான் அதனை விற்பனையிலிருந்து நீக்கியது. ஜப்பானிய மென்பொருள் துறையின் நெறிமுறை அமைப்பும் அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்தது. 2023 ஆகஸ்ட்டில் இல்லூஷன் மூடப்பட்டது. கடை மூடியதே தவிரச் சரக்கு தீரவில்லை.

இனி, அந்த 'பதினெட்டு' என்ற எண்ணுக்கு வருவோம். அமெரிக்காவில் விளையாட்டுகளுக்கு வயதுக் குறியிடும் அமைப்பு 1994இல் தோன்றியது, ஐரோப்பாவில் 2003இல். நம் நாட்டில் திரைப்படத்துக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தணிக்கைச் சான்று கட்டாயம். வீடியோ விளையாட்டுக்கு அதுபோல் சான்று தரும் வாரியம் இல்லை. தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேற்றிய சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. குடும்பங்களைக் காக்கும் நல்ல சட்டங்களே. ஆனால் மானம் அவற்றின் பொருளன்று. கடைக்காரரோ பிறந்த தேதியைக் கேட்கிறார். எந்தத் தேதியை இட்டாலும் நம்பிவிடுகிறார்! 2025 ஜூலையில் ஸ்டீம் இவ்வகை விளையாட்டுகள் பலவற்றை நீக்கியதே, அது எந்த அரசின் ஆணையாலும் அன்று; பணப்பட்டுவாடா நிறுவனங்களின் நெருக்குதலால். வயதுக் குறி, 'சிறுவர்க்கு ஆகாது' என்று மட்டுமே சொல்கிறது. பெரியவர்க்கு ஆகும் என்று அது எங்கே சொன்னது?

மகனின் இரண்டாவது வாதம் வலுவானது. அதை நாம் ஏளனம் செய்து கடந்துவிடலாகாது. 2021 டிசம்பரில் மக்காவில், ஹஜருல் அஸ்வத் கல்லை மெய்நிகர்க் கருவியில் காணும் திட்டம் தொடங்கப்பட்டது. அப்படியானால் வீட்டிலிருந்தே ஹஜ் செய்துவிடலாமோ என்ற பேச்சு எழுந்தபோது, துருக்கியின் சமய விவகாரத் துறை 2022இல் தெளிவாக மறுத்தது: காட்சியைக் காணலாம், அது ஹஜ்ஜாகாது, கால்கள் அந்த மண்ணில் பட வேண்டும். இதைப் படித்த இளைஞன் கேட்பான்: 'உள்ளே செய்யும் நன்மை நன்மையாகாது என்றால், உள்ளே செய்யும் தீமை மட்டும் எப்படித் தீமையாகும்?'

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். போர் விளையாட்டில் சுட்டவன் கொலைகாரன் ஆகான். அதுபோல், இந்தப் பிள்ளையை விபசாரம் செய்தவன் என்று தூற்றுவது பெரும் அநியாயம். விளையாட்டுகள் மனிதரைக் கொடியவராக்கிவிடும் என்பதற்கும் கைமேல் ஆதாரம் உண்டென்று முழங்குவது சரியன்று. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, முன்வைக்கப்பட்ட ஆய்வுகள் போதா என்றே கூறியது.

ஆயினும் ஹஜ்ஜும் இதுவும் ஒன்றல்ல. ஹஜ் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நாளில் செய்யும் அமல். இடம் இல்லையேல் அமல் இல்லை. பார்வைக்கு இடம் தேவையில்லை. அந்நூர் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்துவது பற்றிப் பேசும்போது 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களைத்தான் அழைக்கிறது. (பெண்களின் முக்காட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம் ஆண்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.) உள்ளே இருப்பவள் படமாயினும், பார்க்கும் கண் அவனுடையது, நீளும் கையும் அவனுடையது. திரைப்படத்தில் ஒருவன் கெட்டதைச் செய்ய, நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அவன் கை நீளாமல் கதை நகராது.

அதனினும் பெரிது ஒன்றுண்டு. நம் வீட்டு நிக்காஹ்வை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பந்தலில் காத்திருக்க, வக்கீலும் இரு சாட்சிகளும் பெண் இருக்கும் உள்ளறைக்குச் சென்று அவள் சம்மதத்தைக் கேட்டு வருகின்றனர். ஊர் முழுவதும் கூடியிருந்தாலும், பிரியாணி தம்மில் வெந்துகொண்டிருந்தாலும், அந்தப் பதில் வரும்வரை எல்லாம் நிற்கும். அவள் 'இல்லை' என்று சொல்லக் கூடியவள் என்பதனாலேயே அவளுடைய 'ஆம்' என்பதற்கு மதிப்பு. விளையாட்டுப் பெண்ணின் 'ஆம்' ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டது. அவளுக்குத் தலைவலி வராது. தாய்வீட்டு நினைவு வராது. கோபம் வந்தாலும் ஆட்டத்தை மீண்டும் தொடங்கினால் தீர்ந்துவிடும். மணமாகாத ஓர் இளைஞன், பெண்ணொருத்தியுடன் இருப்பது என்றால் இதுதான் என்று இரவுதோறும் பழகிக்கொண்டிருந்தால், நாளை அவன் வீட்டுக்கு வரப்போகும் நிஜப் பெண், களைத்திருப்பவள், மறுத்துப் பேசுபவள், அவன் கண்ணுக்கு எப்படித் தெரிவாள்? என் மதிப்பீடு இந்த இடத்தில்தான் நிற்கிறது. 19 வயதுக்கும் இது ஆகாது. 49 வயதுக்கும் ஆகாது.

செய்ய வேண்டியது என்ன? கருவியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவது வீண்வேலை. மகன் சட்டைப்பையில் அலைபேசி இருக்கிறது. கருவியே கெட்டதுமன்று. உடற்கூறு படிக்கவும், போக இயலாத ஊரைக் காணவும் அது உதவும். வீட்டில் இளையவர்கள் இருப்பின் தயாரிப்பாளர் வகுத்த வயதைப் பாருங்கள்: மெட்டா நிறுவனம் 13 என்று வைத்திருந்தது, 2023இல் பெற்றோர் கண்காணிக்கும் கணக்காயின் 10 என்று தளர்த்தியது. சோனி தன் பிளேஸ்டேஷன் கருவிக்கு 12 என்றது.

முன்பெல்லாம் கூடத்துத் தொலைக்காட்சியில் ஆபாசமான பாட்டு வந்தால், அத்தா ஒருமுறை இருமுவார். யாரோ எழுந்து சேனலை மாற்றிவிடுவர். இக்கருவிக்குள் அந்த இருமல் கேட்காது. ஆனால் உள்ளே தெரிவதைத் தொலைக்காட்சியிலோ கணினித் திரையிலோ வெளியே காட்டும் வசதி இவற்றில் உண்டு. 'கருவி கூடத்தில்தான், திரை எல்லோருக்கும் தெரியத்தான்' என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் பூட்டுப் போடும் வசதி சிறுவர்களுக்குப் பயன்படும். 19 வயதுப் பிள்ளையிடம் செல்லாது. அவனிடம் பேச்சு ஒன்றே வழி. அந்தப் பேச்சைத் தாயின் தலையில் கட்டிவிட்டு அத்தா வெளிநாட்டில் இருந்துகொண்டு பணம் மட்டும் அனுப்புவது முறையன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது, "மகனிடம் கொடு" என்று அவரே கேட்டு வாங்கிப் பேசட்டும். திட்டுவதற்காக அன்று, கல்யாணத்தைப் பற்றி, வரப்போகும் பெண்ணைப் பற்றி, அவனை வயது வந்தவனாகவே மதித்துப் பேசட்டும்.