விதைநெல்லும் விண்டோஸும்

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் உள்ள ஆதிரெங்கம் கிராமத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு எளிய கணக்கு. நெல் திருவிழாவுக்கு வரும் விவசாயி 2 கிலோ பாரம்பரிய விதைநெல்லைக் காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டு போகலாம். அடுத்த வருடம் அதை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்! 2006ல் 'நெல்' ஜெயராமன் தொடங்கிய இந்த ஏற்பாட்டில்தான் மாப்பிள்ளை சம்பா, காட்டுயானம், பூங்கார் என்று 170க்கும் மேற்பட்ட ரகங்கள் திரும்ப வயலுக்கு வந்தன. 2018 டிசம்பரில் அவர் மறைந்துவிட்டார். அந்தக் கணக்கு மறையவில்லை.

சரி, நெல்லுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989ல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமத்தைப் பாருங்கள். மென்பொருளை எடுத்துக்கொள், பயன்படுத்து, பிரித்துப் பார், மாற்று, அடுத்தவருக்குக் கொடு. ஆனால் மாற்றியதை வெளியே கொடுக்கும்போது அதே உரிமையோடு, மூல நிரலையும் சேர்த்துக் கொடு. லினக்ஸ் இந்த நிபந்தனையில்தான் வளர்ந்தது. 2 கிலோ வாங்கி 4 கிலோ கொடுப்பதும் ஏறக்குறைய இதுவேதான். அமெரிக்காவில் விதைகளுக்காகவே ஓபன் சோர்ஸ் சீட் இனிஷியேட்டிவ் என்று ஒரு அமைப்பு 2012ல் உருவானது. மென்பொருள்காரர்களிடமிருந்து யோசனையைக் கடன் வாங்கியதாக அவர்களே சொல்கிறார்கள்.

இப்படி ஒரு விஷயம் வாசலிலேயே நடந்தும், அதே ஊரில் பள்ளிக்கூட லேபிலும் அலுவலக மேசையிலும் உள்ள கம்ப்யூட்டர் வேறு வழியில் போகிறது. வருடா வருடம் கடைக்குப் போய் விதை வாங்கும் வழி அது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. அதாவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷினைக் குப்பையில் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லாமல் ஓட்ட வேண்டும். லினக்ஸ் போட்டால் அதே மெஷின் இன்னும் சில வருடங்கள் உழைக்கும் என்ற மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இத்தனைக்கும் இந்த மாவட்டத்துக்கு இது புதிய விஷயம் இல்லை. 1999 முதல் 2001 வரை திருவாரூர் கலெக்டராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், தாலுகா அலுவலகம் வரை கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மின்னாளுமைக்கு இந்த மாவட்டத்தை முன்மாதிரி ஆக்கினார். அவரே பிறகு எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராகி, எல்காட் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கும் ஆயிரக்கணக்கில் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் வாங்கும் திட்டம் 2007ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

அதற்குப் பிறகு வந்தது 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம், தமிழிலேயே மெனு வரும்! கிடைத்த மாணவர்கள் என்ன செய்தார்கள்? பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சர்வீஸ் கடையில் கொடுத்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் படம் சேர்த்து வைத்தார்கள்.

மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. கையில் லினக்ஸ் கொடுத்தார்கள், அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கொடுக்கவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசம் வாங்க யோசித்த கதைதான். விதைநெல்லைக் கொடுத்துவிட்டு நாற்றங்கால் எப்போது விட வேண்டும் என்று சொல்லாமல் போனால் விவசாயி என்ன செய்வார்? கஞ்சி வைத்துக் குடிப்பார்!

பக்கத்து மாநிலமான கேரளா இந்த இடத்தில்தான் முந்தியது. ஐடி அட் ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பாடப்புத்தகம், செய்முறைத் தேர்வு எல்லாவற்றையும் லினக்ஸிலேயே வைத்தது. தேர்வில் வருகிறது என்றால் மாணவர் படிக்காமல் இருப்பாரா? 2019ல் 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பைத் தந்தபோது, இதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநில கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்தத் தொகையைப் பற்றி விவாதிக்கலாம். இத்தனை வருடமாகப் பள்ளிகள் அதில் ஓடுகின்றன என்பதை விவாதிக்க முடியாது.

தமிழ்நாட்டிலும் பாதி வேலை முடிந்திருக்கிறது. 2018ல் வந்த புதிய பிளஸ் ஒன் கணினிப் பாடத்தில் உபுண்டு உண்டு, ஓபன் ஆபீஸ் ரைட்டர், கால்க் உண்டு. புத்தகம் வழி காட்டுகிறது, லேபும் தேர்வும் பின்னால் வர வேண்டும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கணக்கு. ஒரு பள்ளியில் 20 கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயங்குதளம், ஆபீஸ் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மெஷினுக்கு 5,000 ரூபாய் என்று உதாரணத்துக்குப் போட்டாலும் 1 லட்சம் ரூபாய். இந்தச் செலவை எதிர்க்கும் ஆசிரியரே சில சமயம் திருட்டுப் பிரதி போடச் சொல்வார். அது செலவில்லாதது போலத் தெரியும். வைரஸ் வந்து மார்க் பட்டியல் போனால்தான் அதன் விலை தெரியும். அந்த 1 லட்சத்தில் பாதியை ஆசிரியர் பயிற்சிக்கும், பழைய மெஷின்களுக்கு எஸ்எஸ்டி வாங்கிப் போடவும் செலவழித்தால் லேப் முழுக்கப் புதுசாகிவிடும். லினக்ஸ் முழுக்க இலவசம் என்று சொல்வது தவறு. பயிற்சிச் செலவு உண்டு. ஆனால் அந்தப் பணம் உள்ளூர் ஆட்களின் கையில் தங்கும், திறமையாகவும் தங்கும்.

அலுவலகங்களுக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பல வருடங்கள் வானவில் போன்ற தனிக் குறியீட்டு எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் பட்டா மனுவும் புரியாது, சுற்றறிக்கையும் புரியாது, எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். 2010ல் அரசு யுனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய கோப்புகளின் தலைவலி உடனே தீர்ந்துவிடவில்லை. ஒருவரின் பூட்டை ஒருமுறை மாட்டினால் சாவிக்குக் காலம் முழுக்க அலைய வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

எதிர்வாதங்களும் நியாயமானவைதான். டேலி தெரிந்தால்தான் ஆடிட்டர் ஆபீசில் வேலை. உண்மை. லினக்ஸில் டேலி நேரடியாக ஓடாது. சில பிரிண்டர்கள், ஸ்கேனர்கள் முரண்டு பிடிக்கும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பல வருடம் லினக்ஸில் இருந்துவிட்டு 2017ல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. ஆனால் அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024ல் 30,000 அரசுக் கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்று என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் பிரிவில் டேலி ஓடும் ஒரு மெஷின் விண்டோஸிலேயே இருக்கட்டும். கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் உள்ள மற்ற மெஷின்களுக்கு அது எதற்கு?

தொடங்குவதும் கஷ்டமில்லை. முதலில் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸும் ஃபயர்பாக்ஸும் போட்டுப் பழகலாம். பழகிய பிறகு கீழே உள்ள இயங்குதளத்தை மாற்றினால் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. வீட்டுப் பரணில் தூங்கும் பழைய இலவச மடிக்கணினியில் லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். தமிழில் படிக்க வேண்டுமென்றால் 2012 முதல் 'கணியம்' இதழ் இருக்கிறது.

2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டை மட்டும் கொஞ்சம் பார்க்கலாம், தப்பில்லை. உள்ளே லினக்ஸ் இருந்தால் அழிப்பதற்கு முன் ஒரு மாதம் அதிலேயே வேலை செய்து பாருங்கள். தெரிந்ததை இரண்டு ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வாங்கியது இரண்டு, திருப்பித் தருவது நான்கு. ஆதிரெங்கத்துக் கணக்கு அதுதானே!