தலையாய நூல் எது?

மலைகளுள் உயர்ந்தது எது என்று ஒருவர் வினவினால், அளந்து விடை கூறலாம். நூல்களுள் உயர்ந்தது எது என்று வினவினாலோ, அளத்தற்குரிய கோல் எது என்பதே முதற்கண் வழக்காகிவிடுகின்றது. அறிவியற் புதினங்களை விரும்பிக் கற்கும் சுவைஞரிடையே இத்தகைய வழக்கொன்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஓய்வின்றி நடந்து வருகின்றது. 'இதுகாறும் தோன்றிய அறிவியற் புதினங்களுள் தலையாயது எது?' என்பதே அவ்வழக்கு. அதன் வரலாற்றை அறிவோர், ஒரு நூலை மதிப்பிடும் முறையையும் உடனறிவர்.

அறிவியல் கண்ட ஓர் உண்மையையோ, இனிக் காணக்கூடிய ஒரு வாய்ப்பையோ அடிப்படையாகக் கொண்டு, 'இவ்வாறு நிகழின் மாந்தர் வாழ்வு என்னாகும்?' என்று எண்ணிப் புனையப்படும் நெடுங்கதையே அறிவியற் புதினம் எனப்படும். இத்துறை மேனாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. ஆயினும், அதனைக் கற்போர் தம்முள் கூடி வாதிடுவதற்கு வழி வகுத்தவர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர். லக்சம்பர்க் நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இவர், 1926 ஏப்ரல் திங்களில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அறிவியற் கதைகளுக்கென்றே வெளிவந்த அவ்விதழில் வாசகர் கடிதங்களும் இடம்பெற்றன. கடிதம் எழுதியவரின் முகவரியும் உடன் அச்சிடப்பட்டமையால், ஓர் ஊரிலிருந்த சுவைஞர் மற்றோர் ஊரிலிருந்த சுவைஞருக்கு நேரே எழுதத் தலைப்பட்டனர். கடிதங்கள் நட்பை வளர்த்தன. நட்பினின்று கழகங்கள் தோன்றின. 1939இல் நியூயார்க் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. 1953இல் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில், ஆண்டின் சிறந்த படைப்புகளுக்குப் பரிசளிக்கும் வழக்கம் தொடங்கிற்று. கெர்ன்ஸ்பாக்கின் பெயரால் அஃது ஹ்யூகோ பரிசு என வழங்குகின்றது. புலவர் குழுவொன்று ஆராய்ந்து அளிக்கும் பரிசு அன்று அது. மாநாட்டு உறுப்பினராகிய சுவைஞர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது.

இவ்வாறு வழக்காடும் சுவைஞர் கொண்டுவரும் அளவுகோல்கள் பலவாம். அவற்றுள் முதலாவது, நூலிற் கூறப்படும் அறிவியல் பிழையற்றதா என்பது. இவ்வளவுகோலைப் பற்றிய பூசல் கழகங்கள் தோன்றுவதற்கு முன்னரே எழுந்தது. பிரெஞ்சு ஆசிரியராகிய ஜூல்ஸ் வெர்ன் 1865இல் எழுதிய புதினத்தில், பெரியதொரு பீரங்கியினின்று குண்டுபோல் எய்யப்பட்ட கூண்டிலிருந்து மூவர் நிலவை நோக்கிச் செல்கின்றனர். ஆங்கில ஆசிரியராகிய எச். ஜி. வெல்ஸ் 1901இல் எழுதிய புதினத்திலோ, புவியீர்ப்பைத் தடுக்கும் புதுமைப் பொருளொன்றின் துணையால் இருவர் நிலவை அடைகின்றனர். தாம் இயற்பியலைக் கையாள்வதாகவும், வெல்ஸ் இல்லாத பொருளைக் கற்பித்துக்கொள்வதாகவும் வெர்ன் குறை கூறினார். எனினும், வெர்னின் பீரங்கியும் குற்றமற்றதன்று. அது வெடித்த கணமே, உள்ளிருந்தோர் அதிர்ச்சியால் நசுங்கி உயிர் துறந்திருப்பர். அறிவியல் பிழையின்மை ஒன்றே அளவாயின், இவ்விரு நூல்களையுமே தள்ளவேண்டும். அவை இன்றும் விரும்பிக் கற்கப்படுகின்றன.

அறிவியலிற் பெரிதும் வல்லவரான ஆர்தர் கிளார்க்கின் செயல் ஈண்டு நினைத்தற்குரியது. 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த அவர், புவியிலிருந்து விண்வெளிக்கு ஏறிச்செல்லும் மின்தூக்கியைப் பற்றி 1979இல் ஒரு புதினம் வெளியிட்டார். அத்தகைய மின்தூக்கியை நிலநடுக்கோட்டில்தான் அமைத்தல் இயலும். இலங்கையோ அக்கோட்டிற்கு வடக்கே உள்ளது. ஆகவே அவர் தம் கதைத் தீவை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி வைத்துக்கொண்டார். அங்ஙனம் செய்ததை நூலிலேயே ஒப்புக்கொண்டும் எழுதினார். இயற்பியலைக் காக்கும் பொருட்டு நிலநூலை மாற்றினார் என்று அவரைக் கடிந்து நூலை ஒதுக்கியவர் இலர். அந்நூல் 1980இல் ஹ்யூகோ பரிசு பெற்றது.

இரண்டாவது அளவுகோல், நூல் கூறியது பின்னர் நிகழ்ந்ததா என்பது. வெர்னின் கதையில் மூவர் பிளாரிடாவிலிருந்து நிலவுக்குப் புறப்பட்டனர். 1969இல் உண்மையாகவே மூவர் பிளாரிடாவிலிருந்து புறப்பட்டனர். இதனைக் காட்டி வெர்னைப் புகழ்வோர் பலர். வியத்தற்குரிய ஒற்றுமையே இது. ஆயினும், வருவது கூறுதல் சோதிடனின் தொழில். புதின ஆசிரியனின் தொழில் அன்று. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட புதினத்திற்கு 1984 என்னும் ஆண்டே பெயராயிற்று. மக்களின் சொல்லையும் எண்ணத்தையும் இடையறாது ஒற்றறியும் அரசொன்றை அது காட்டுகின்றது. அவ்வரசு பழைய செய்தித்தாள்களையும் திருத்தி வரலாற்றையே மாற்றுகின்றது. மொழியிலுள்ள சொற்களைக் குறைத்து எண்ணத்தையே குறுக்க முயல்கின்றது. 1984ஆம் ஆண்டு வந்தது. இலண்டனில் அத்தகைய அரசு ஏற்படவில்லை. அதனால் நூல் பொய்த்தது எனலாகுமா? ஆகாது. 'இவ்வழியிற் செல்லின் இக்கேடு விளையும்' என்று எச்சரித்தலே அதன் நோக்கம். பள்ளம் உண்டு என்று ஒருவன் கூவியதனால் வழிப்போக்கன் விழாது தப்பினான் என்றால், கூவியவன் பொய்யன் ஆகான்.

மூன்றாவது அளவுகோல் வாக்கு. பலர் விரும்பியதே சிறந்தது என்பர் ஒருசாரார். வாக்கு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டும். அஃதாவது, அவ்வாண்டில், அவ்விடத்தில், அக்கூட்டத்தினர் எதனை விரும்பினர் என்பது. அதற்கு மேல் அது காட்டாது. 1955இல் மார்க் கிளிப்டன், பிராங்க் ரைலி என்னும் இருவர் சேர்ந்தெழுதிய புதினம் ஹ்யூகோ பரிசு பெற்றது. இன்று அதனை எடுத்துக் கற்பார் அரியர். பரிசு பெற்றவற்றுள் தகுதி குறைந்தது எது என்னும் பேச்சு வருங்கால் மட்டுமே அதன் பெயர் அடிபடுகின்றது. ரே பிராட்பரியின் 'பாரன்ஹீட் 451' என்னும் புதினத்தின் கதை இதற்கு நேர்மாறானது. நூல்களை எரிப்பதே தீயணைப்பார் தொழிலாகிவிட்ட ஒரு காலத்தைக் காட்டும் அந்நூல், 1953இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஹ்யூகோ பரிசு வழங்கப்படவே இல்லை. அந்த ஆண்டிற்குரிய பரிசைப் பின்னோக்கி வழங்க 2004இல் வாக்கெடுத்தபோதே அது பரிசு பெற்றது. அரை நூற்றாண்டு கழிந்தும் அது கற்கப்பட்டு வந்தமையே அதற்குரிய பெரும் சான்று. பரிசு அதன்பின் வந்தது.

பதிப்பாளரின் மதிப்பீடும் பிழைபடுவதுண்டு. நீரற்ற பாலை உலகொன்றைக் களமாகக் கொண்டு பிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' என்னும் புதினத்தை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகத்தார் ஏற்க மறுத்தனர். மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் முறை பற்றிய நூல்களை வெளியிட்டுப் பெயர் பெற்ற பதிப்பகம் ஒன்றே 1965இல் அதனை அச்சிட்டது. மறு ஆண்டு கிளீவ்லாந்து மாநாட்டில் அது ரோஜர் செலாஸ்னியின் புதினத்தோடு ஹ்யூகோ பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதே மாநாட்டில், எக்காலத்திற்கும் சிறந்த தொடர்நூல் எது என்று ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. ஐசக் அசிமோவின் 'பவுண்டேஷன்' தொடர் வென்றது. டோல்கீனின் 'தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்' தோற்றது. அதனால் டோல்கீனின் புகழ் சிறிதும் குன்றவில்லை. சுவைஞர் வழக்கும் அன்றோடு முடிந்துவிடவில்லை.

வாக்களிப்போர் தாம் கண்ட நூல்களுள்தாம் ஒன்றைத் தேர்தல் கூடும். காணாத நூல் எத்துணைச் சிறந்ததாயினும் அவர்தம் பட்டியலில் ஏறாது. போலந்து நாட்டு ஆசிரியர் ஸ்தானிஸ்லாவ் லெம் 'சோலாரிஸ்' என்னும் புதினத்தை 1961இல் வெளியிட்டார். அஃது ஆங்கிலத்தில் வந்தது 1970இல். அதுவும் மூலத்தினின்று அன்று, பிரெஞ்சு மொழிபெயர்ப்பினின்று பெயர்க்கப்பட்டது. அவ்வொன்பது ஆண்டுகளில் ஆங்கிலம் மட்டுமே அறிந்தோர் அமைத்த பட்டியல்களில் அந்நூலுக்கு இடம் எங்ஙனம் கிடைக்கும்? பரிசு தொடங்கிப் பல்லாண்டுகள் வரை புதினத்திற்கான ஹ்யூகோவைப் பெண்பாலார் எவரும் பெறவில்லை. 1970இல் உர்சுலா லெகுவின் அதனை முதன்முதலாகப் பெற்றார். மொழிபெயர்ப்புப் புதினம் ஒன்று அப்பரிசைப் பெறுவதற்கு 2015ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. சீன ஆசிரியர் லியு சிசினின் 'மூன்று பொருட் சிக்கல்' என்னும் பொருள்படும் பெயருடைய புதினம் அப்பெருமையைப் பெற்றது. ஆகவே, 'எக்காலத்திற்கும் சிறந்தது' என்று எழுதப்பட்ட பட்டியலைக் காணுங்கால், 'இதனை அமைத்தவர் கண்டவற்றுள் சிறந்தது' என்று திருத்திப் படித்துக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.

அங்ஙனமாயின் இவ்வழக்கே வீண் என்பார் உளர். 'அவரவர்க்கு அவரவர் சுவை. ஒருவர்க்கு இனிப்பது மற்றவர்க்குக் கைக்கும். இதில் வாதம் எதற்கு?' என்பது அவர் கூற்று. இது பொருந்தாது. 'இந்நூல் எனக்கு இனிக்கின்றது' என்று ஒருவன் கூறின், அதற்குக் காரணம் வேண்டுவதில்லை. 'இந்நூல் சிறந்தது' என்று கூறின், பிறரும் அதனைக் கற்கவேண்டும் என்று கூறியவனாகின்றான். பிறர் பொழுதைக் கேட்பவன் காரணம் காட்டக் கடமைப்பட்டவன். மேலும், எவரும் எடுத்துப் பேசாத நூல் விற்பனையாகாது. விற்பனையாகாதது மீண்டும் அச்சேறாது. அச்சேறாதது காலப்போக்கில் நூலகத்தினின்றும் மறையும். ஒரு நல்ல நூலுக்காக வாதிடுவோன், பின்வரும் தலைமுறைக்காக அதனைக் காக்கின்றான்.

மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' இதற்குச் சான்றாகும். 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் நண்பர் சிலர் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென முடிவு செய்தபோது, அவர்களுள் பதினெட்டே வயது நிரம்பிய மேரி தொடங்கிய கதை அது. 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. நெடுங்காலம் அதனை அச்சமூட்டும் கதையென்றே பலரும் கொண்டிருந்தனர். 1973இல் பிரையன் ஆல்டிஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் இத்துறையின் வரலாற்றை எழுதி, முதல் அறிவியற் புதினம் அதுவே என்று காரணங்களோடு வாதிட்டார். அவர் முடிவை எல்லாரும் ஏற்றிலர். ஏற்றவரும் மறுத்தவரும் அந்நூலை மீண்டும் எடுத்துக் கற்றனர். வாதத்தின் பயன் அதுவே.

அந்நூலை இருநூறு ஆண்டு கடந்தும் வாழவைப்பது எது? பிணங்களின் உறுப்புகளைக் கூட்டி உயிரூட்டலாம் என்னும் அதன் அறிவியலை இன்று எவரும் நம்பார். தான் படைத்த உயிரின் தோற்றத்தைக் கண்டு அஞ்சி அதனைக் கைவிட்டு ஓடும் ஓர் ஆராய்ச்சியாளனையும், அன்பு நாடி எவ்விடத்தும் விரட்டப்பட்டுக் கொடியதாக மாறும் அவ்வுயிரையும் அது காட்டுகின்றது. படைத்தவனுக்குப் படைக்கப்பட்டதன்பால் கடமை இல்லையா என்று அது வினவுகின்றது. புதிய பொருள்களை நாள்தோறும் படைத்துக்கொண்டிருக்கும் இக்காலத்தில் அவ்வினா முன்னிலும் கூர்மையாகவே எழுகின்றது. புனைந்த கருவி பழமையாகிய பின்னரும் எழுப்பிய வினா பழமையாகாதிருத்தல் — சிறந்த அறிவியற் புதினத்திற்கு அடையாளம் கூறவேண்டின், இதனைக் கூறலாம். இவ்வளவுகோலால் அளந்தாலும் ஒரே நூல் முதலிடம் பெறாது. சில நூல்கள் ஒருங்கு நிற்கும். அதனாற் குறைவொன்றும் இல்லை.

ஆதலின், பட்டியல்களைக் காணும் மாணவர் அவற்றை வழிகாட்டியாகக் கொள்க, தீர்ப்பாகக் கொள்ளற்க. பிறர் கூறிய பத்து நூற்பெயர்களை ஒப்பிப்பவன் ஒன்றும் கற்றவனாகான். ஒரு நூலையேனும் முழுமையாகக் கற்று, அது தன்னைக் கவர்ந்தது ஏன் என்று இரண்டு காரணங்கள் எழுதிப் பார்ப்பவனுக்கே மதிப்பிடும் ஆற்றல் வளரும். அக்காரணங்களை நண்பன் மறுத்தால் வெகுளாது கேட்டல் வேண்டும். அவன் கூறுவது தக்கதாயின் தன் கருத்தை மாற்றிக்கொள்ள நாணுதல் கூடாது. தகாததாயின் பலர் எதிர்ப்பினும் தன் கருத்தினின்று பிறழ்தலும் கூடாது. இவ்வாறு நூல்களைப் பற்றி நேர்மையோடு வாதிடப் பழகியவன், பின்னர் ஊரைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் முடிவு செய்யவேண்டிய வேளையில், கூட்டத்தின் குரலைக் கேட்டு மயங்கான். காரணத்தைக் கேட்டே முடிவு செய்வான்.