சைபர் வேறு, வராதது வேறு!



தேர்வு முடிந்தால் உங்களுக்கு விடுமுறை. உங்கள் ஆசிரியருக்கு? வகுப்பில் 40 பேர், 5 பாடம் என்றால் 200 மதிப்பெண்கள். பதிவேட்டில் எழுத வேண்டும், கூட்ட வேண்டும், சராசரி போட வேண்டும். அப்புறம் அதையே முன்னேற்ற அறிக்கையில் இன்னொரு தடவை எழுத வேண்டும். தமிழகத்தில் 2012-ல் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று தரமும் போட வேண்டியிருந்தது. சிவப்பு மை பேனா எத்தனை தீர்ந்திருக்கும் என்கிறீர்கள்!

'இதைக் கம்ப்யூட்டர் செய்யட்டுமே' என்கிறீர்களா? தாராளமாகச் செய்யட்டும். நானும் அந்தக் கட்சிதான்.

ஒரு செய்தி தெரியுமா? 1978-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் படித்தார். அவருடைய பேராசிரியர் கரும்பலகையில் பெரிய அட்டவணை போட்டுக் கணக்கு நடத்தினார். ஓர் எண் மாறினால், அதை ஒட்டிய எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்தது. 'தானே மாறிக்கொள்ளும் கரும்பலகை இருந்தால்?' என்று யோசித்தார் பிரிக்ளின். நண்பர் பாப் பிராங்க்ஸ்டனோடு சேர்ந்து உருவாக்கிய 'விசிகால்க்' 1979-ல் வெளிவந்தது. இன்றைய எக்செலுக்கு அதுதான் தாத்தா!

இப்போது உங்களில் சிலரே இணையச் செயலி செய்யப் பழகுகிறீர்கள். மதிப்பெண் செயலிக்கு மூன்றே பகுதிகள் போதும். எண்களைத் தட்டுகிற பக்கம், கூட்டிப் பார்க்கிற விதி, பத்திரமாக வைக்கிற அட்டவணை. வகுப்பில் இரண்டு கார்த்திக் இருப்பார்கள்; எனவே பெயரை நம்பாமல் ஆளுக்கொரு எண் கொடுங்கள். நம் அரசின் 'எமிஸ்' இணையதளத்திலும் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு.

சிக்கல் இனிமேல்தான். ஒரு பெண் மூன்று தேர்வில் 80, 70 வாங்கினாள், மூன்றாவதுக்கு வரவில்லை. செயலி அங்கே சைபர் போட்டால் சராசரி 50. எழுதிய இரண்டை மட்டும் எடுத்தால் 75. ஏ தரத்தை நெருங்கிய பிள்ளையை ஒரு சைபர் எங்கே தள்ளிவிட்டது பாருங்கள்! வராத பிள்ளைக்கு மறுதேர்வா, விட்டுவிடுவதா என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் கம்ப்யூட்டர் சைபர் போடக் கூடாது.

எங்கள் திருப்பனந்தாள் வட்டாரத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால், ஈரப்பதம் பார்க்கும் கருவியைக் காணலாம். எத்தனை சதவீதம் என்று சட்டென்று சொல்லிவிடும். அறுவடைக்கு முன் நாலு நாள் விடாமல் மழை பெய்ததை அது சொல்லாது. மதிப்பெண்ணும் அப்படித்தான். கணக்கில் 35 வாங்கிய பையன் அந்த வாரம் காய்ச்சலில் கிடந்திருப்பான். ஆகவே, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆசிரியர் ஒரு வரி எழுதக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் அவசியம் வேண்டும். அது இல்லாத செயலியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

'ரேங்க்' கட்டம்? வேண்டவே வேண்டாம்! 10, 12-ம் வகுப்புத் தேர்வுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டருக்கு 40 பேரை வரிசைப்படுத்தக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும் என்பதற்காக, நாம் அதைக் கேட்க வேண்டுமா? அவரவர் மதிப்பெண்ணை அவரவரும் பெற்றோரும் பார்த்தால் போதும். பதிவேட்டை ஆசிரியர் பீரோவில் பூட்டி வைப்பார் அல்லவா? செயலிக்குக் கடவுச்சொல்தான் அந்தப் பூட்டு.

செய்து பார்க்க ஆசையா? முதலில் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். நண்பர்களின் உண்மை மதிப்பெண் வேண்டாம். கற்பனையாக ஐந்து பெயர் போதும். செயலி தயாரானதும், ஒருவருக்கு 105 என்று தட்டுங்கள். இன்னொருவருக்கு ஒன்றுமே தட்டாமல் விடுங்கள். என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.